சீர்காழி ஐயா

சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆய்வக உதவியாளராக இருந்தேன். குடுவை கழுவுவது, அமில பாட்டில்களுக்குப் பெயர் ஒட்டுவது, செய்முறைத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் உடைத்ததையெல்லாம் கூட்டி அள்ளுவது, இதுதான் வேலை. இரண்டாயிரத்து ஐந்தில் கோடை விடுமுறையில் அலமாரிகளை ஒழித்துக்கொண்டிருந்தபோது, அடித்தட்டில் பழைய வரைபடங்களுக்குப் பின்னால் ஒரு மழைமானி கிடைத்தது. பித்தளைப் புனல், அதைத் தாங்கும் உருளை, உள்ளே ஒரு பாட்டில், கோடு போட்ட கண்ணாடிக் குவளை. யாரும் அதை ஒரு நாள்கூட வெளியில் வைத்த மாதிரித் தெரியவில்லை. புனலின் உட்புறம் புதுசாகவே இருந்தது. தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போய் வைங்க. உடைஞ்சா நீங்கதான் பொறுப்பு" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் முருங்கைமரத்தை விட்டுத் தள்ளி, திறந்த இடம் பார்த்து நட்டு வைத்தேன். எனக்கு அப்போது நாற்பது வயது. பிள்ளைகள் இல்லை. கணவர் காய்கறி மார்க்கெட்டில் லாரிக்கு லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொள்கிறவர். விடியும் முன்னே கிளம்பிவிடுவார். காலை எட்டரை மணிக்கு பாட்டிலில் இருப்பதைக் குவளையில் ஊற்றிப் பார்ப்பது அந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருந்த ஒரே காரியம்.

எங்கள் ஊர் மழை ஒரு மாதிரியான மழை. ஆனி ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்க்கும். எங்களுக்கு மிச்சக் காற்றும் சாரலும்தான். சேலை நனையும், மண் நனையாது. குவளையில் பார்த்தால் அரை மில்லி, முக்கால் மில்லி. மில்லிமீட்டரை மழை அளக்கிறவர்கள் மில்லி என்றே சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் என்னைத் தவிரவும் இருக்கிறார்கள் என்பது அடுத்த வருஷம்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் இன்டர்நெட் வந்த புதிதில், புனலை எப்படிச் சுத்தம் செய்வது என்று தேடப் போய் ஒரு மின்னஞ்சல் குழுவில் போய் விழுந்தேன்.

முப்பது பேர் போல இருந்தார்கள். தினமும் காலையில் அவரவர் ஊரில் பெய்த மழையின் அளவை எழுதி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் குழு. யாருக்கும் பெயர் கிடையாது. ஊர்ப் பெயர்தான் கையெழுத்து. வால்பாறை 112. நாகர்கோவில் 8.4. பெங்களூர் 3. சீர்காழி 0. படிக்கும்போது மழை ஊர் ஊராக நடந்து போகிற மாதிரி இருக்கும்.

ஆனால் ஊரோடு எப்படிப் பேசுவது? தமிழில் ஒருத்தரிடம் நாலு வார்த்தை பேச வேண்டுமென்றால் அவர் வயசு தெரிய வேண்டும். அண்ணனா தம்பியா, ஐயாவா, நீங்களா நீயா என்று முடிவு பண்ணாமல் வாயே திறக்க வராது. அதனால் எழுத்தை வைத்து ஒவ்வொருத்தர் வயசையும் நாங்களே ஊகித்துக்கொண்டோம். நான் கேட்ட முதல் கேள்வி, "புனலில் குருவி எச்சம் விழுந்தால் அளவு கெட்டுப்போகுமா?" என்பது. "தம்பி எந்த காலேஜ்?" என்று வால்பாறை கேட்டார். அன்றிலிருந்து நான் தம்பி ஆகிவிட்டேன். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. வீட்டில் அண்ணி, மதினி, பள்ளிக்கூடத்தில் ஆயா, அக்கா என்று கேட்டுச் சலித்த காதுக்கு, தம்பி என்பது கொஞ்சம் காற்றோட்டமாக இருந்தது.

எல்லோரும் ஐயா என்று கூப்பிட்டது சீர்காழியை மட்டும்தான். சீர்காழி ஒரு நாள் தவறியதில்லை. மாதக் கடைசியில் எல்லோருடைய அளவையும் ஊர்வாரியாக அட்டவணை போட்டு அனுப்புவது சீர்காழிதான். குசலம் விசாரிப்பது, வணக்கம் சொல்வது எதுவும் கிடையாது. "சின்னமனூர், நேற்றைய அளவு வரவில்லை." "வால்பாறை, எட்டரைக்கு எடுத்ததா, ஒன்பதுக்கா?" இப்படி ஊர்ப் பெயரை மொட்டையாகச் சொல்லி அதட்டுவதென்றால் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்தோம். என் மனதில் அவருக்கு வழுக்கைத் தலை, கதர்ச் சட்டை, மூக்கின் நுனியில் கண்ணாடி எல்லாம் இருந்தது.

குழுவில் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இன்னொருவரும் இருந்தார். அவர் சேர்ந்த கதை வேடிக்கை. ஜூலையில் "கூடலூர் 4" என்று ஒரு புது அளவு வந்தது. அரை மணி நேரத்தில் சீர்காழி எழுதியது: "ஜூலையில் கூடலூரில் நாலு மில்லியா? கருவியைச் சரிபார்க்கவும்." பதில் வந்தது: "ஐயா, தாங்கள் நினைப்பது நீலகிரிக் கூடலூர். அடியேன் கம்பத்துக்குத் தெற்கே இருக்கும் கூடலூர்." அன்றிலிருந்து அவர் தேனி கூடலூர் ஆனார். எழுத்தில் அவர்தான் உண்மையிலேயே வயதானவர் என்பது தெரிந்துவிடும். ஏலக்காய் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர், முப்பது வருஷம் எஸ்டேட் ஆபீசுக்காக மழை அளந்தவர் என்று ஒரு தடவை எழுதியிருந்தார். சீர்காழியிடம் அவருக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. ஒவ்வொரு கடிதத்திலும் "ஐயா அவர்களின் சமூகத்துக்கு" என்றுதான் தொடங்குவார்.

இரண்டாயிரத்து எட்டு மார்ச்சில் சீர்காழியிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. "நாளை முதல் இரண்டு வாரம் அட்டவணை தாமதமாகும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு."

நான்தான் முதலில் பதில் எழுதினேன். "பேரனுக்கா ஐயா? நல்லபடியாக எழுதச் சொல்லுங்கள்."

"இல்லை. எனக்கு."

நான் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஐயா கிண்டல் கூடப் பண்ணுவாரா என்று நினைத்தேன். நாலைந்து பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். அப்புறம்தான் ஒரு வரி வந்தது: "நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். பெண். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?"

அன்று குழுவே களேபரம் ஆனது. பெங்களூர் எழுதியதுதான் எல்லாவற்றிலும் மோசம்: "தாத்தாக்கள் எல்லாம் ரெண்டு வருஷமா ஒரு பாப்பாவுக்கு சலாம் போட்டிருக்கோம்." விளையாட்டாக எழுதியதுதான். நானும் அதற்குச் சிரிப்புக் குறி போட்டேன். மறுநாள் காலையில் தேனி கூடலூரிலிருந்து அளவு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பரீட்சை முடிந்து அந்தப் பிள்ளை திரும்பி வந்தபோது குழு பழைய குழுவாக இல்லை. அதே மாதிரித்தான் எழுதியது, படிக்கிறவர்கள்தான் மாறிவிட்டார்கள். "சரிங்க ஐயா, திருத்திக்கொள்கிறேன்" என்று எழுதிய ஆட்கள், "ஓகே பாப்பா" என்றார்கள். ஒருத்தர் செல்லக்குட்டி என்றார். இரண்டு பேர், சின்னப் பிள்ளையிடம் திட்டு வாங்க முடியாது என்று சொல்லியே விலகினார்கள். ஜூனில் பெங்களூர் ஒரு யோசனை சொன்னார்: தசமத்தை எல்லாம் விட்டுவிட்டு முழு எண்ணாகப் போடலாம், அரைக்குக் கீழே இருந்தால் பூஜ்யம், அட்டவணை போடுவது சுலபம். சீர்காழி மறுத்தது. "வேண்டாம். வால்பாறைக்கு அரை மில்லி ஒன்றுமில்லை. சின்னமனூருக்கு ஜூலை முழுவதும் அவ்வளவுதான்." அதற்குப் பெங்களூர் எழுதியது, "முதல்ல ப்ளஸ் ஒன்ல என்ன குரூப்னு முடிவு பண்ணும்மா." நாலு பேர் அதை ஆமோதித்தார்கள்; தசமம் போய்விட்டது. அந்த மாதம் என் ஊரில் பதினோரு நாள் சாரல் விழுந்தது. அந்த நாட்களுக்கு அட்டவணையில் பத்து பூஜ்யமும் ஒரு ஒன்றும் இருந்தன.

சீர்காழியிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு கடிதம் வந்தது. "நான் பொய் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தேனி கூடலூர் மார்ச் பாதியிலிருந்து ஜூன் வரை காலியாக இருக்கிறது. அவருக்கு உடம்பு சரியில்லையா? உங்கள் ஊருக்குப் பக்கம்தானே. பார்த்துச் சொல்ல முடியுமா?"

எனக்குச் சுருக்கென்றது. பேரனுக்கா என்று கேட்டு ஆரம்பித்து வைத்தவள் நான். சிரிப்புக் குறி போட்டவளும் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவு எடுத்து முடித்ததும் கூடலூருக்குப் பஸ் ஏறினேன்.

அரிசி மில்லுக்குப் பின்னால் வீடு என்று அவர் எப்போதோ எழுதியது ஞாபகம் இருந்தது. மில் பக்கம் ஒரு டீக்கடையில் விசாரித்தேன். "டெய்லி காலைல கொடத்தக் கவுத்துப் பாத்துக்கிட்டு நிப்பாரே, அவரா? அந்தப் பச்சை கேட்டு" என்றார் டீ ஆற்றுகிறவர். உயிரோடு இருக்கிறார், இன்னும் அளக்கிறார் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. பாதி பாரம் இறங்கியது.

கதவைத் திறந்தவர் மெலிந்து உயரமாக இருந்தார். எழுபது வயதிருக்கும். கைவைத்த பனியனும் வேட்டியும். "யாரு தாயி?"

"சின்னமனூர்லருந்து வாரேங்கய்யா. மழைக் குழு."

அவர் என் தோளுக்கு மேலே தெருவை எட்டிப் பார்த்தார். "தம்பி வரலையா?"

"நான்தாங்கய்யா அந்தத் தம்பி."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் காதோரத்தில் நரை விழ ஆரம்பித்திருந்த காலம் அது. பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "அடி ஆத்தா. ரெண்டு வருசமா ஒன்னயத் தம்பி தம்பின்னு எழுதியிருக்கேன். ஒரு தடவை, கல்யாணத்துக்கு அவசரப்படாத தம்பின்னு வேற புத்தி சொன்னேன். உள்ள வா, உள்ள வா. இனி வால்பாறை யாருன்னு தெரியுறது ஒண்ணுதான் பாக்கி."

வீட்டில் அவர் மட்டும்தான். கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார். மேஜையில் மகன் வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டர் துண்டு போர்த்தி இருந்தது. பக்கத்தில் நீளமான நோட்டு ஒன்று. விரித்துக் காட்டினார். ஒரு நாள் விடாமல் அளவு இருந்தது.

"அளக்குறத நிறுத்தலையேய்யா. அனுப்புறத மட்டும் ஏன் நிறுத்துனீக?"

அவர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்.

"போன வருசம் என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரில கெடந்தா. மதுரைல. பதினெட்டு நாள். அவ போயிட்டா. காரியமெல்லாம் முடிஞ்சு வந்து நோட்ட எடுத்தேன். அந்தப் பதினெட்டு நாளும் காலியா இருக்கு. பூஜ்யம் போட்டுக்கிறவான்னு சீர்காழி ஐயாவுக்குத் தனியா எழுதினேன். ஏன் அளக்க முடியலன்னு காரணத்தையும் எழுதினேன். எழுத எழுத ரெண்டு பக்கம் ஆகிப்போச்சு. யார்கிட்டயும் சொல்லாததெல்லாம் எழுதிட்டேன். அவுக மூணு வரி பதில் எழுதினாக."

அந்த மூணு வரியை அவர் பார்க்காமலே சொன்னார். "பூஜ்யம் போடாதீர்கள். நீங்கள் இல்லாத நாளிலும் மழை பெய்திருக்கலாம். எடுக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள்."

"துக்கம் கேக்க வந்தவுக எத்தனையோ பேரு. ஒருத்தரும் எனக்கு இப்படிச் சொல்லல. இதப் படிச்சிட்டு அன்னைக்குத்தான் நான் அழுதேன். என்னைவிட மூத்தவரு, எல்லாத்தையும் பாத்து முடிச்சவரு சொல்றாருன்னு நெனச்சேன். பாத்தா அது பதினாலு வயசுப் பிள்ளை. கணக்குக்குப் பதில் கணக்குச் சொல்லியிருக்கு. நான் அத வச்சு அழுதிருக்கேன். அந்தப் பிள்ளைகிட்ட என்னென்னத்த எழுதினேன்னு நெனச்சா உடம்பு கூசுது தாயி. இதுல அந்தப் பெங்களூர்க்காரர் சலாம்னு எழுதினாக பாரு."

மனதில் பட்டதைக் கேட்டேன். "அந்தப் பிள்ளை சொன்னது தப்பாய்யா?"

"தப்பில்ல."

"அப்புறம் எப்படி எழுதினீக?"

"எடுக்கவில்லைன்னுதான் எழுதினேன்." நோட்டில் பின்னால் புரட்டி அந்தப் பக்கத்தைக் காட்டினார். பதினெட்டு தடவை, பதினெட்டு வரியில், ஒரே சீரான கையெழுத்தில் இருந்தது.

நான் பேச்சை மாற்றுவதற்காகக் குழுவில் நடந்ததைச் சொன்னேன். தசமத்தை எடுத்துவிட்டதைச் சொன்னேன். சீர்காழி மறுத்ததையும், அதற்கு என்ன பதில் வந்தது என்பதையும், நாலு பேர் கைதட்டியதையும் சொன்னேன். அவர் முதுகு நிமிர்ந்தது.

"எடுத்துட்டாகளா? யாரக் கேட்டு எடுத்தாக? அப்ப நம்ம சாரலுக்கு என்ன போடுறது?"

"பூஜ்யம்தாங்கய்யா. எங்க ஊருக்கு பத்து நாள் பூஜ்யம்."

"மழை பேஞ்சிருக்கு, பூஜ்யமா?" அவருக்குக் குரல் ஏறிவிட்டது. "ஆடிச் சாரல்லதான் இங்கன காடு கழனி பூராவும் பச்ச புடிக்குது. அத இல்லைன்னு எழுதுறதுக்கு இவுக யாரு? அந்தப் பிள்ளை சரியாச் சொல்லியிருக்கு. சொல்றத விட்டுட்டு வயசப் பாக்குறாகளாக்கும்."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். நான் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து போய் கம்ப்யூட்டர் மேல் கிடந்த துண்டை எடுத்தார்.

நான் தட்டித் தருகிறேன் என்றேன். விடவில்லை. ஒற்றை விரலால் தட்டினார். நோட்டைப் பார்த்து அளவுகளை நான் வாசிக்க, விட்டுப்போன நாள் எல்லாம் ஏறுவதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் கடிதத்தின் தலையில் வந்து நின்றார். யாருக்கு என்று எழுத வேண்டுமே.

"ஐயான்னு எழுத முடியாது. பாப்பான்னு எழுத மாட்டேன். பேத்திங்கிறதும் சரியா வராது. அந்தப் பிள்ளைக்கு நான் தாத்தா இல்ல." யோசித்து யோசித்து, "சீர்காழி அவர்களுக்கு" என்று தட்டினார். கீழே, மார்ச் முதல் அளவுகளை அனுப்பத் தவறியது தன் பிழை என்றும், தசமம் பற்றிச் சீர்காழி சொன்னதே சரி என்றும், அதை மறுக்கிறவர்கள் காரணம் சொல்லி மறுக்க வேண்டும் என்றும் எழுதினார். குழு முழுக்கப் போகட்டும் என்று அனுப்பினார்.

தெருமுனைக் கடையிலிருந்து பார்சல் வாங்கி வந்து இருவரும் சாப்பிட்டு முடித்தபோது பதில் வந்திருந்தது. "பெற்றுக்கொண்டேன். ஏப்ரல் 19 அளவு சந்தேகமாக இருக்கிறது. 1.2 ஆ, 12 ஆ? சரிபார்க்கவும்."

அவர் நோட்டைப் பார்த்தார். பன்னிரண்டுதான்; தட்டும்போது நடுவில் புள்ளி விழுந்துவிட்டது. "பாத்தியா" என்றார் என்னிடம். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தர் திட்டு வாங்கி நான் பார்த்ததில்லை.

அந்த வாரம் நானும் குழுவுக்கு எழுதினேன். நான் தம்பி இல்லை, நாற்பத்து மூன்று வயதுப் பெண், முதலிலேயே சொல்லாதது தப்பு என்று. பெரிய விஷயமாக நினைத்து மூன்று தடவை அழித்து அழித்துத் தட்டினேன். சீர்காழி எழுதியது: "அட்டவணையில் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை." வால்பாறை மட்டும், "பழகிப்போச்சே, இனி தம்பின்னு கூப்பிடக் கூடாதா?" என்று கேட்டார். கூப்பிடுங்கள் என்றேன். தசமம் பத்து நாள் சண்டைக்குப் பிறகு திரும்பி வந்தது. பெங்களூர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஆனால் "பெங்களூர் 2.6" என்று ஒரு காலையில் பேசாமல் போட்டார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த வருஷம் மே மாதம் மேகமலையில் கூடுவது என்று முடிவானது. ஒன்பது பேர் வந்தார்கள். சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வேனில் ஏற்றும் வேலை எனக்கு. வால்பாறை ஒரு தேயிலை ஃபேக்டரி மெக்கானிக், நாற்பதுக்குள் இருக்கும். வந்ததும் என்னைப் பார்த்து "தம்பி" என்று கூப்பிட, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெங்களூர்தான் எங்களை அசத்தினார். ஐம்பது வயது ஆள் என்று நினைத்திருந்தோம். இருபத்து நாலு வயதுப் பையன், பேசவே கூச்சப்படுகிறவன். சலாம் என்று எழுதியது இவன்தானா என்று நம்ப முடியவில்லை.

சீர்காழி அப்பாவோடு வந்திருந்தது. குட்டையாக, இரட்டைச் சடையோடு, தோளில் மாட்டிய பையோடு இறங்கியது. நேரே கூடலூர்க்காரர் முன்னால் போய் நின்றது. அவர் கையிலிருந்த நீள நோட்டை வைத்து அடையாளம் கண்டுகொண்டதாம்.

"வணக்கம், தேனி கூடலூர்."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர், மரியாதை தெரிந்த மனுஷன். "என்னம்மா இது, பெரியவங்கள ஊர் பேரச் சொல்லிக் கூப்பிடுற? தாத்தான்னு சொல்லு."

"வேண்டாங்க சார்" என்றார் கூடலூர்க்காரர். "ரெண்டு மூணு வருசமா இப்படித்தான் பழகியிருக்கோம். அப்படியே இருக்கட்டும்." பிறகு அந்தப் பிள்ளையிடம் கையைக் குவித்தார். "வாங்க சீர்காழி."

மேகமலை ரோடு அப்போது ரோடு என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது. வேன் குலுங்கிய குலுக்கலில் யாரும் யாரிடமும் மரியாதையாக உட்கார்ந்திருக்க முடியவில்லை. பாதி வழியில் பெங்களூர்ப் பையன் முன் சீட்டுக்கு வந்து, "நான்தான் பெங்களூர்" என்று சீர்காழியிடம் சொன்னான். மேற்கொண்டு என்னவோ சொல்ல வாயெடுத்தான். அந்தப் பிள்ளை அதற்குள் கேட்டுவிட்டது.

"உங்க மழைமானி மொட்டை மாடியிலயா இருக்கு?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"எப்பவும் பக்கத்து ஊர்களைவிடக் குறைச்சலா வருது. மாடியில காத்து அதிகம். தரையில வைங்க."

அவன் தலையாட்டினான். சொல்ல வந்தது என்னவோ அதோடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இறங்கும்வரை இரண்டு பேரும் காற்றின் வேகம் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள்.

பின்சீட்டில் அப்பா என் பக்கத்தில் இருந்தார். அவர் மெதுவாகச் சொன்னார். "இவளுக்கு ஸ்கூல்ல ஒரு சிநேகிதி கிடையாதுங்க. மத்தியானம் தனியாத்தான் சாப்பிடுவா. கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்திருக்காளேன்னு நான் ஒரு தடவை ஒயரப் புடுங்கிப் போட்டேன். இத்தனை பேர் இருக்கீங்கன்னு தெரியாது." நான் என் கதையைச் சொன்னேன், முருங்கைமரத்துக்குத் தள்ளி நட்ட புனல் வரைக்கும். அவர் பொறுமையாகக் கேட்டார்.

மேலே போய்ச் சேர்ந்து சாப்பிட்டு முடித்ததும் இடி இடித்தது. ஒரு டீக்கடைத் தகரக் கூரைக்குள் எல்லோரும் ஒண்டினோம். மழையைத் தேடி வந்த ஒன்பது பேரில் ஒருத்தர்கூட மழைமானி கொண்டுவரவில்லை. சீர்காழி தன் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து, மிச்சப் புளிசாதத்தை அப்பா கையில் கொட்டிவிட்டு, கழுவி, நனைந்துகொண்டே ஓடிப்போய் புல்வெளி நடுவில் வைத்துவிட்டு வந்தது. பக்கம் நேராக இருக்கிற எந்தப் பாத்திரமும் போதும், ஸ்கேலால் அளந்துவிடலாம் என்றது. கூடலூர்க்காரர் நோட்டில் செருகி வைத்திருந்த ஸ்கேலை உருவினார்.

காத்திருக்கும்போது தகரத்தின் சத்தத்தைக் கேட்டு ஆளாளுக்கு அளவு சொன்னோம். வால்பாறை நாற்பது என்றார். பெங்களூர் பத்து. சாரல் ஊர்க்காரியான எனக்கு அந்தச் சத்தமே பயமாக இருந்தது; ஐம்பது என்றேன். கூடலூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இருபத்திரண்டு என்றார். சீர்காழி மட்டும் எதுவும் சொல்லவில்லை. "அளக்காம எப்படிச் சொல்றது?" என்றது. "சும்மா சொல்லும்மா" என்றார் அப்பா. "சும்மா ஏன் சொல்லணும்?" மழை விட்டதும் அந்தப் பிள்ளையும் கூடலூர்க்காரரும் புல்லில் குந்தி, டப்பாவுக்குள் ஸ்கேலை விட்டு, தலையோடு தலை முட்டப் பார்த்தார்கள். இருபத்தொன்று. கூடலூர்க்காரர் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். எஸ்டேட்டில் முப்பது வருஷம் கேட்ட தகரச் சத்தம் காதில் இருந்து போகவில்லை என்றார். சீர்காழி அந்த இருபத்திரண்டையும் பக்கத்தில் குறித்துக்கொண்டது.

அந்த வருஷம் ஐப்பசியில் கூடலூர்க்காரர் சீர்காழிக்குப் போனார். மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர் கடலைப் பார்த்ததே இல்லை. வடகிழக்குப் பருவமழையைக் கரையில் நின்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அந்த அப்பாவிடம் போனில் கேட்டிருக்கிறார். வாங்க என்று அவர் சொல்லிவிட்டார். பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்து லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, சாப்பாடு மட்டும் ஜவுளிக்கடைக்காரர் வீட்டில். மூன்று நாள் வெயில் கொளுத்தியது. குழுவில் தினமும் "சீர்காழி 0. தேனி கூடலூர் எடுக்கவில்லை, இங்கே இருக்கிறார்" என்று வந்தது. வால்பாறை, அவர் தேனி வெயிலையும் பையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று கேலி செய்தார்.

நாலாம் நாள் காலையில் எனக்கு போன் வந்தது. பேச்சே கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல்.

"ஆத்தா, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டுட்டாக. மாடிப்படியில நிக்கிறோம். நம்ம பக்கம் மழை நின்னுக்கிட்டுப் பெய்யும். இங்கன படுத்துக்கிட்டுப் பெய்யுது. கொடை நிக்கல. புனலுக்குள்ள சரியா விழுமான்னு சந்தேகமா இருக்கு."

பின்னாலிருந்து அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது. "விழும். மணி எட்டு இருபத்தெட்டு. வாங்க, இறங்கலாம்."

"இரு தாயி, வச்சிடுறேன்" என்றார். அவர் அப்படியே போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. கட் பண்ணவில்லை. இருவரும் படியில் இறங்குவது, தண்ணீரில் கால் வைப்பது, "மெதுவா, அங்கன பாசி" என்று இவர் சொல்வது, "குவளையை நீங்க பிடிங்க" என்று அது சொல்வது எல்லாம் மழைக்கு நடுவே விட்டு விட்டுக் கேட்டது. நான் என் வீட்டுப் பின்கட்டில் காய்ந்த குவளையோடு நின்று, அவர்கள் அளந்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.